இரைச்சல் குறையும் இடம்

கார்ட்லெஸ் போனில் வாராவாரம் இரைச்சல் குறைந்துகொண்டே வந்தது. மெக்கானிக் வைத்த இடத்திலிருந்து செட்டை யாரும் மாற்றவில்லை. போன ஞாயிற்றுக்கிழமையே சிஜி இதை யோசித்திருக்க வேண்டும்.

எட்டாம் மாதம். முன்பு இரண்டு கரு தங்கவில்லை என்பதால், கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று நெய்யாற்றின்கரை டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். பாறசாலை வீட்டின் கடைசி அறை. சவுதியிலிருந்து கணவன் ஷைஜு அனுப்பிய போனின் செட்டு, கரண்டில் ஓடும் அடிப்பாகம், முன் ஹாலில் இருந்தது. நடுவே நாலு சுவர். கைக்கருவி சிஜியின் தலைமாட்டில் கிடந்து, பொழியூர்க் கடல் போல இரைந்தது.

சரிபார்க்க வந்த போன் மெக்கானிக் ராஜதாஸ், செட்டைச் சாப்பாட்டு அறை அலமாரியின் மேலே ஏற்றி வைத்தார்.

"பிரிட்ஜு பக்கத்தில வச்சா அலை எங்க வரும்? சிஜி, கையில உள்ளத மெல்ல அங்க இங்க நீக்கிப் பாரு. எங்க இரைச்சல் கொறையுதோ, அந்தப் பக்கமாக்கும் ஆளு. கரண்டு போச்சுன்னா மட்டும் ஒண்ணும் கேக்காது, செத்த சாமானாக்கும்."

"எனக்க மவன் அனுப்புனதில்லியா," என்றாள் மாமியார் சுகிர்தபாய். "அவனப் போலத்தான். தூரத்தில கெடந்து இரையும்."

அதன் பிறகு மூன்று ஞாயிறு போன் வந்தது. மூன்றும் ஷைஜு கூப்பிடுகிற மூன்றரை மணிக்கே. வாராவாரம் குறைந்தாலும், மிச்ச இரைச்சலுக்குள் பேச்சு முங்கி முங்கிப் போகும். கடைசி வார்த்தை மட்டும் கரையேறும்.

"வாறேன்."

விடைபெறும்போது அந்த ஊரில் யாரும் போகிறேன் என்று சொல்வதில்லை. அவளும் வழக்கம்போல, "செரி, வாங்க," என்று சொல்லிப் போனை வைப்பாள். மூன்று முறை சொன்னாள்.

இன்று நாலாவது ஞாயிறு. மத்தியானத்திலிருந்து குழந்தை அசையவில்லை. மாமியாரிடம் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவள் சர்ச்சுக்குக் குடையை விரித்துவிட்டாள்.

"நேத்து வந்த கடுதாசி மக்கா. பைபிளுக்குள்ள வச்சு மறந்துட்டேன். எழும்பாத, என்ன? அஞ்சு மணிக்குள்ள வாறேன்."

"செரி மாமி, வாங்க."

கேட் சாத்தும் சத்தம். பிறகு மழை மட்டும். சிஜி உறையைக் கிழித்தாள். ஷைஜுவின் கோணல் எழுத்து.

'கோபப்படாதே சிஜி. ஒரு மாதமாகப் பாலைவன கேம்பில் கிடக்கிறேன். இங்கே போன் கிடையாது. ஒரு ஞாயிறுகூட உன்னைக் கூப்பிட முடியவில்லை.'

மின்விசிறி வேகம் குறைந்து, முனகி, நின்றது. கரண்ட் போய்விட்டது.

மணி மூன்றரை.

போன் அடித்தது.

செத்த சாமான் அடிக்காது என்று மனசு சொல்வதற்குள், மூன்று வாரப் பழக்கத்தில் கை அதை எடுத்துக் காதில் வைத்துவிட்டது. போனுக்குள் மழை பெய்தது. கேட்டின் தகரத்தில் விழும் அதே மழை. பிறகு மழை பின்தங்கி, ஹால் கடிகாரத்தின் டிக் டிக் கேட்டது. ஈரக்கால் சிமெண்ட் தரையில் ஒட்டிப் பிரியும் ஓசை. சாப்பாட்டு அறை. அவள் அறைக்கு வரும் நடை.

"யாரு?"

"வாறேன்." ஆணுமில்லாத, பெண்ணுமில்லாத குரல்.

"வேண்டாம். வராண்டாம்."

"மூணு வாட்டி நீதான விளிச்ச."

ஏரியலை உள்ளே அழுத்தினாள். பேட்டரியைப் பிடுங்கிப் போர்வையில் போட்டாள். போன் ஓயவில்லை. மெல்லிய இரைச்சல், தொலைவில் மூச்சுவிடுவது போல. கதவுத் திரை ஆடவில்லை. யாருமில்லை.

எங்கே?

ராஜதாஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. போனைக் கதவுப் பக்கம் நீட்டினாள். இரைச்சல் கூடியது. ஜன்னல் பக்கம். கூடியது. கட்டிலுக்குக் கீழே. அங்கேயும் கூடியது.

கை சோர்ந்தது. போன் மார்பில் சரிந்தது. இரைச்சல் குறைந்தது.

இன்னும் கீழே வழுக்கியது. இன்னும் குறைந்தது.

வயிற்றின் மேல் வந்து நின்றது.

சுத்தமாக நின்றுபோன இரைச்சல். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலத் தெளிவாக ஒரே ஒரு வார்த்தை.

"வந்தாச்சு."

மத்தியானத்திலிருந்து அசையாமல் கிடந்த வயிறு மெல்லப் புரண்டது. சிஜி குனிந்து பார்த்தாள். நைட்டித் துணிக்கு அடியில், தோலுக்கு அடியில், ஐந்து விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. குழந்தையின் கையளவு இல்லை அது. ஒரு முழு ஆளின் கை.

உள்ளிருந்தபடியே அது போனைத் தேடிப் பிடித்து, இறுக்கிக்கொண்டது.