இனிக்காத கொள்ளை!

போன் அலறியது.

எளாவூர் பஸ்ஸின் நெரிசலில் ஒற்றைக் காலில் நின்றிருந்த ஷைனி எடுத்தாள்.

"மேடம்...! ஒடம்பு மட்டும் கீது... தலையக் காணோம்!"

வாட்ச்மேன் ஆதிகேசவன்.

"யாரு தலைண்ணா?"

"நம்ம மகாராணி தலதான்! எவனோ ராவுல அறுத்துக்கினு பூட்டான்!"

பக்கத்தில் நின்ற பெண்மணி சிலுவை போட்டுக்கொண்டார்.

ஷைனி நெரிசலை இடித்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தாள்.

மகாராணி... ஒரு தர்பூசணி! உடம்பு என்றால் கொடி. தலை என்றால் பழம்.

சர்க்கரை பாதி, சத்து இரண்டு மடங்கு. மூன்று வருடம் பூவுக்குப் பூ மகரந்தம் தடவி அவள் உருவாக்கிய ரகம்! புயல் மழையில் மற்றதெல்லாம் அழுகிப்போக, மிஞ்சியது அந்த ஒற்றைப் பழம். ஒரு ஆள் உட்கார்ந்தால் தின்று தீர்த்துவிடும் அளவு. அடுத்த போகத்துக்கான விதை மொத்தமும் அதற்குள்!

சர்க்கரை குறைவு என்ற ரகசியம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஷைனி... விதைக் கம்பெனி முதலாளி விமல். மற்றவர்களுக்கு அது 'ஏதோ ஒசத்தி ரகம்'.

சிப்காட் புகைக்கூண்டுகளுக்குப் பின்னால் இருந்த வலைக்கொட்டகைக்கு அவள் ஓடி வந்தபோது, செக்யூரிட்டி ஆபீசர் துளசிராமன் நாற்காலி போட்டு, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"விசாரண முடிஞ்சிது சார்!" என்றார் விமலிடம். "உள்ளாள் வேல. இந்தப் பொண்ணுதான் ஆந்திரா விதைக் கம்பெனிக்காரனுக்குத் தள்ளி வுட்டுக்கீது!"

"நானா...?"

விமல் தொண்டையைச் செருமினார். "ஷைனி... சாயங்காலத்துக்குள்ள பழம் வரணும். இல்லன்னா போலீஸ்தான். உங்கப்பா கம்பி பேக்டரில லோடு தூக்குறவரு... ஆசை வர்றது சகஜம்."

ஜிவ்வென்று ஏறியது அவளுக்கு!

"எங்கப்பா தூக்குனது கம்பி சார். அடுத்தவன் பொருள இல்ல!"

சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். கூடி நின்ற முகங்கள். இதில் ஒரு நாக்குக்கு உண்மை தெரியும்...

நாக்கு!

ஷைனி சிரித்தாள்.

"இன்னாம்மா சிரிப்பு?" அதட்டினார் துளசிராமன்.

"திருடன நெனச்சேன் சார். குடுத்து வெச்சவன்! அது பழமா? சுத்தத் தேன்! ஒரு துண்டு தின்னா, ரெண்டு ஒதடும் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கும்!"

"தேனா? ஷைனி, அது..." என்று ஆரம்பித்த விமலின் காலை நறுக்கென்று மிதித்தாள். முதலாளி காலை மிதிப்பதில் ஒரு தனி சுகம்!

"அடடா..." ஆதிகேசவன் சப்புக்கொட்டினார். "எனக்கு ஒரு துண்டு குட்த்து வெக்கலியே!"

துளசிராமன் மட்டும் தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"தேனாம், தேனு! யார் காதுல பூ சுத்துற? சப்புனு வெள்ளரிக்கா மேரி இருந்துச்சு, அதப் போயி..."

சிரிப்பு பாதியில் நின்றது.



"இருந்துச்சா...?" என்றாள் ஷைனி, மெதுவாக.

துளசிராமன் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"சுகரு சார் எனக்கு... ஊட்ல பழத்தக் கண்ணுலயே காட்ட மாட்டாங்க. இந்தப் பொண்ணு வல கட்டி, பை மாட்டி ராணி மேரி வளத்துச்சா... எப்டி இனிக்கும்னு ஒரு ஆச..."

"இப்ப சுகர் எவ்ளோ?"

"அதாம்மா அதிசயம்! காலீல வெரலக் குத்திப் பாத்தேன்... பெருசா ஏறவே இல்ல!"

"ஏறலயா!" ஷைனி துள்ளிக் குதித்தாள். ஆதிகேசவன் கையைப் பிடித்து ஒரு சுற்றும் சுற்றினாள்!

"ஷைனி... சாரி," என்று கையை நீட்டினார் விமல்.

அதை அவள் கண்டுகொள்ளவில்லை.

"விதை எங்க சார்?"

துளசிராமன் விழித்தார்.

"இந்த ஆதிகேசவன் டார்ச் அடிச்சிக்கினு வந்துட்டானா... பயத்துல அவுக்கு அவுக்குனு..."

"முழுங்கிட்டீங்களா!"

"ஒண்ணு உடாம!"

விமல் தலையில் கை வைத்தார். "போச்சு... எல்லாம் போச்சு!"

"போகல சார். கடிக்காம முழுங்குன விதை சாகாது. தானா வெளிய வரும்... கழுவிப் போட்டா ஜம்முனு மொளைக்கும்!"

எல்லார் பார்வையும் துளசிராமனின் தொப்பையில் குவிந்தது.

"அண்ணா... வெளக்கெண்ணெய்!"

"பெரிய பாட்லா வாங்கியாறேன் மேடம்!" ஆதிகேசவன் சைக்கிளில் தாவினார்.

"எம்மா! நான் விசாரண ஆபீசரும்மா!"

"அதான் சார் பேஜாரு. துப்பறியணும்னா... மொதல்ல விதையத் துப்ப அறியணும்!"