கேட்டில் எழுதிய பாஸ்வேர்டு

அறைக்குள் அம்மாவின் குரல் தடுமாறியது.

"சார்... ஹலோ சார்... நான் பேசறது கேக்குதுங்களா?"

அறைக்கு வெளியே கவியா கதவில் காதை வைத்து நின்றாள். சிறுசேரி கம்பெனி ஒன்றின் ஆன்லைன் நேர்காணல் அது. பழைய வேலை போன பிறகு அம்மா ஜெசிந்தாவுக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு. காலையில் அம்மா ஜெபித்தபோது கவியாவும் கூடவே முழங்கால் போட்டிருந்தாள்.

அப்பா ஆல்வின் கையைப் பிசைந்தார். "நெட்டு இன்னாத்துக்கு இப்படி இழுக்குது?"

கவியா அவர் போனில் மோடத்தின் செயலியைத் திறந்தாள். இணைந்திருப்பவற்றின் பட்டியல் வந்தது: அம்மாவின் லேப்டாப், அப்பாவின் போன். அதற்குக் கீழே, தெரியாத ஒரு போன்!

"அப்பா, யாரோ நம்ம வைஃபைல கீறாங்க!"

"அதெப்படி? பாஸ்வேர்டு கீதே!"

"இன்னா பாஸ்வேர்டு வெச்ச?"

"மறக்கக்கூடாதுன்னு வூட்டுப் பேரும் கட்டுன வருஷமும்தான்."

கவியா ஜன்னல் வழியே பார்த்தாள். கேட்டின் மேல், தெருவே படிக்கும்படி பெரிய எழுத்தில் பளபளத்தது: எபினேசர் 2019.

"ஐயையோ! உடனே மாத்து கவியா!"

"இப்ப மாத்துனா அம்மாவுக்கும் கட்டாயிடும்பா!"

வைஃபை எட்டும் தூரத்தில்தான் அந்த ஆள் இருக்க வேண்டும் என்று அவள் வெளியே ஓடினாள். மதில் நிழலில் எதிர்வீட்டு ரோகிணி போனுடன் குந்தியிருந்தாள்.

"எங்க வைஃபைலயா கீற?"

ரோகிணியின் முகம் வெளுத்தது. "திட்டாத கவியா. டேட்டா தீந்துபோச்சு. டீச்சருக்கு அறிவியல் வீடியோ அனுப்பிகினு கீறேன். உங்க கேட்ல கீறத பாத்து சும்மா போட்டேன், கெடச்சிடுச்சு."

கவியாவுக்குக் கோபம் வாய் வரை வந்தது. ரோகிணி நீட்டிய போனில் பாதியில் நின்ற வீடியோவைக் கண்டதும் அது திரும்பிப் போய்விட்டது.

"எங்கம்மா இன்டர்வியூல கீறாங்க. கொஞ்சம் நிறுத்திக்கோ. முடிஞ்சதும் நானே உனக்கு வழி பண்றேன்."

"மெய்யாலுமா?"

"மெய்யாலும்."

ரோகிணி நிறுத்தினாள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜன்னலடியில் காது கொடுத்தார்கள். அம்மாவின் குரல் இப்போது தடையில்லாமல் வந்தது. பேச்சு நீண்டது. பிறகு ஒரு சிரிப்பு.

"ரொம்ப நன்றி சார்! திங்கக்கிழமையே வேலைக்கு வந்துடறேன்!"

"கர்த்தாவே!" என்று கவியா ரோகிணியைக் கட்டிக்கொண்டாள்.

அன்று மதியமே அவள் யாராலும் ஊகிக்க முடியாத நீளமான பாஸ்வேர்டை வைத்தாள். வருகிறவர்களுக்கென்று தனி வைஃபை ஒன்றையும் உண்டாக்கி, அதன் பாஸ்வேர்டை மட்டும் ரோகிணிக்குச் சொன்னாள்.

"அம்மா பேசும்போது இத நிறுத்திடுவேன், சரியா?"

"சரி!" ரோகிணியின் வீடியோ போய்ச் சேர்ந்தது.

அப்பா தலையைச் சொறிந்தார். "புதுசு நீளமா கீதேம்மா. எங்கனா எழுதி வெச்சிக்கட்டுமா?"

"எழுதிக்கோப்பா," என்றாள் கவியா. "கேட்ல மட்டும் வேணாம்!"