கழுத்தில் பதினொன்று

நிலவுக் குடியிருப்பின் பள்ளி வாசலில் பிள்ளைகள் காலையில் வந்ததும் சட்டைக் காலரைத் தாழ்த்துவார்கள். வாயில்காப்பான் என்ற எந்திரம் ஒவ்வொரு கழுத்தையும் தடவி, புடைப்புகளை எண்ணிச் சொல்லும். "மூன்று. உள்ளே போகலாம். நான்கு. வணக்கம்." நான்கிலிருந்துதான் வணக்கம்.

புடைப்புகள் அறிவுமணிகள். பட்டாணி அளவு. தோலுக்கடியில் வைத்துத் தைத்தால் நரம்போடு பேசும். ஒன்றில் கணிதம், இன்னொன்றில் எட்டு மொழிகள். வெளியே தெரியாமல் ஆழமாக வைக்கவும் வழியுண்டு. அப்படி யாரும் வைத்துக்கொள்வதில்லை.

தூத்துக்குடியிலிருந்து புதிதாக வந்த அமலியின் கழுத்தைத் தடவி எந்திரம் "பதினொன்று" என்றபோது வரிசையே திரும்பிப் பார்த்தது.

அவை மணிகள் அல்ல, நரம்புக் கட்டிகள். அம்மா ரோசலினிடமிருந்து பரம்பரையாக வந்த நோய். குழந்தைப் பருவத்தில் காப்பி நிறத் திட்டுகளாகத் தொடங்கியது, பன்னிரண்டு வயதுக்கு மேல் முடிச்சு முடிச்சாகக் கிளம்பியது. இப்போதைக்குப் பயமில்லை, ஆனால் எது எப்போது வளரும் என்று சொல்ல முடியாது என்றார்கள் மருத்துவர்கள். அந்தச் 'சொல்ல முடியாது' அமலியின் விரல்களில் குடியேறிவிட்டது. பாடம் நடக்கும்போதும் சோறு தின்னும்போதும் விரல் கழுத்துக்குப் போய், நேற்றைய அளவுதானா என்று தொட்டுப் பார்க்கும்.

பூமியில் பள்ளிப் பேருந்தில் அவள் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். இங்கே அதற்கு அடிதடி.

அப்பா சேவியர் ஒருநாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மூன்று நாள் காய்ச்சலில் ரோசலின் போய் இரண்டு ஆண்டு ஆகிறது. அவளுடைய படங்களை அன்று பூட்டியவன் இன்னும் திறக்கவில்லை. பள்ளியில் நடப்பதை மகள் சொன்னபோது, "யார்ட்டயும் ஒண்ணும் சொல்லாத" என்றான். ரோசலினிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆனால் மணி வாசிப்பு நாள் வந்தது. ஆண்டுக்கொருமுறை, பெற்றோர் முன்னிலையில், ஒவ்வொரு மணிக்குள்ளும் என்ன இருக்கிறதென்று கருவி உரக்கப் படிக்கும். அன்று காலை அமலி அறைக்கும் சமையல் மேடைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். விடுப்பு சொல்லிவிடலாம் என்றான் சேவியர்.

"வேண்டாம்ப்பா. நானே சொல்லிருதேன். அம்மாவுக்கும் இருந்துச்சுல்லா? அம்மா படத்தையும் காட்டுதேன். தனியா நிக்கணும்னாத்தான் ஒரு மாதிரி கெடக்கு."

அவன் தலையாட்டினான்.

அரங்கில் கருவி அவள் கழுத்தில் பதினொரு முறை நின்றது. பதினொரு முறையும் ஒன்றும் படிக்கவில்லை. கூட்டம் மூச்சுவிடாமல் பார்த்தது.

"இது மணி இல்ல டீச்சர். நோய். எங்க அம்மாவுக்கும் இருந்துச்சு."

தலைமையாசிரியை புன்னகைத்தார். கருவிக்கே பிடிபடாத மணி வைத்திருக்கிறவர்கள் எதையாவது சொல்லத்தான் செய்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். "அம்மாவுக்கும்னா படம் இருக்குமே, பாப்பா. காட்டலாமே?"

சேவியர் எழுந்து, பூட்டைத் திறந்து, படங்களைச் சுவரில் விரித்தான். நாலாயிரம் படங்கள்.

அத்தனையிலும் ரோசலினின் கழுத்து மழமழவென்று இருந்தது.

திருமணப் படங்களில் கட்டிகளை அழிக்கச் சொன்னவர் அவன் அம்மா. அதற்குப் பிறகு அவனே புகைப்படக் கருவியில், மாசுமருவைத் தானாக அழிக்கும் அழகூட்டியை முடுக்கி வைத்தான். வைத்ததை மறந்தும் போனான். அது மறக்கவில்லை. பேறுகாலத்து ஆஸ்பத்திரிப் படத்தில்கூட ஒரு முடிச்சை விட்டுவைக்கவில்லை.

அரங்கில் சிரிப்பு பரவியது. பொல்லாத சிரிப்பு அல்ல, பெரிய இடத்துப் பிள்ளையின் குறும்பை ரசிக்கிற சிரிப்பு. பக்கத்தில் இருந்த ஒருவர் சேவியரின் காதருகே குனிந்து, எந்த நிறுவனத்து மணி என்று கேட்டார். வெளியே சொல்ல மாட்டேன் என்றும் சத்தியம் செய்தார்.

அமலி சுவரருகே போய் ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தாள். முதல் நற்கருணை, முத்துநகர்க் கடற்கரை, கேக் வெட்டு. விரல் தன் கழுத்திலேயே இருந்தது.

"இது யாருப்பா?" என்றாள்.

மறுநாள் அவள் பக்கத்து இருக்கைக்கு அடிதடி இரண்டு மடங்கானது. அவள் சன்னலையே பார்த்துக்கொண்டு போனாள்.

சேவியர் வேலைக்குப் போகவில்லை. ஒரே ஒரு படத்தையாவது பழையபடி ஆக்கித் தரும்படி அழகூட்டியிடம் கேட்டான். அசல் படங்கள் சேமிக்கப்படவில்லை என்று அது வருத்தம் தெரிவித்தது. வேண்டுமானால் கட்டிகளைப் புதிதாகச் சேர்த்துத் தருமாம்.

"எத்தனை? எங்கெங்கே?" என்று கேட்டது.

இடது காதுக்குக் கீழே ஒன்றை வைத்தான். அது நிச்சயம். படமெடுக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் தெரியாமல் திரும்பிக்கொள்ளச் சொன்னவன் அவன்தான். அடுத்தது எங்கே என்று யோசித்தான். பதினான்கு ஆண்டு பக்கத்திலேயே இருந்தவளின் கழுத்து. அவன் விரல் திரைக்கு மேலே நின்றது.

அழகூட்டி பணிவாக மறுபடி கேட்டது: "அவ்வளவுதானா?"