மண்ணெண்ணெய் எண்டே எழுதுங்கோ!

படார்!

சமாதானம் வந்து ஒரு வருடம் கடந்துவிட்டது. நாரந்தனை ஊர்ச் சனத்துக்கு அந்த மாதிரிச் சத்தம் மறந்தே போயிருந்தது.

கால்கள் மட்டும் மறக்கவில்லை. ஒரே நொடியில் அந்தத் தெரு முழுவதும் குப்புறப் படுத்துவிட்டது.

"ஷெல் இல்லை! எழும்புங்கோ! அம்புறோசின்ர கார்க் கொட்டில் எரியுது!"

ஓடினார்கள். கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளி ஊற்றினார்கள். அணைந்தபோது, பழைய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் கார் எலும்புக்கூடாக நின்றது.

பக்கத்தில் அம்புறோஸ்...

அவரைப் பார்த்தவர்கள் பார்த்ததைச் சொல்லவில்லை. நாமும் விட்டுவிடுவோம்.

திங்கட்கிழமை காலை. கோயிலில் பூசை முடிந்து, மனிதர் வீட்டுக்கு வந்து ஐந்து நிமிடம் கூட ஆகியிருக்காது.

அந்தக் காருக்குக் காப்புறுதி தொடங்கிய முதல் நாளும் அதுதான்!

*

முதல் நாளே எரிந்த காருக்குக் காப்புறுதிக் கொம்பனி கண்ணை மூடிக்கொண்டு காசு கொடுக்குமா?

பரமலிங்கத்தை அனுப்பியது.

பரமலிங்கம் ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன்ட். ஆனால் விசிட்டிங் கார்ட்டில் 'தலைமைப் புலனாய்வாளர்' என்று இருந்தது. கொம்பனியின் யாழ்ப்பாணக் கிளையில் வேறு புலனாய்வாளர் எவரும் இல்லாததால், தலைமை தாங்குவதில் அவருக்குச் சிரமம் இருக்கவில்லை.

கறுப்புக் கண்ணாடி. சாயம் பூசிய மீசை. மோட்டார் சைக்கிள்.

வழியில், காவலரணில் சென்றி நின்ற நேவிப் பெடியன் ஹெல்மெற்றைக் கழற்றச் சொன்னான். கண்ணாடியைக் கழற்றச் சொன்னான். யோசித்துவிட்டு, சப்பாத்தையும் கழற்றச் சொன்னான். தலைமைப் புலனாய்வாளர் ஒற்றைக்காலில் நின்று எல்லாவற்றையும் கழற்றினார்.

அம்புறோஸ் வீட்டுக்கு அவர் வந்தது ஒரே ஒரு கேள்வியோடுதான்.

போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல் போனபோது, யாழ்ப்பாணத்துக் கார்களெல்லாம் மண்ணெண்ணெய் குடிக்கப் பழகின. சின்னப் போத்தலிலிருந்து நாலு சொட்டுப் பெற்றோல் விட்டுக் கிளப்ப வேண்டும். பிறகு மண்ணெண்ணெயில், புகையைக் கக்கிக்கொண்டு ஓடும். பாதை திறந்து பெற்றோல் தாராளமாக வந்த பிறகும் அம்புறோஸ் மண்ணெண்ணெயை விடவில்லை. மலிவு!

கொம்பனி விடுமா? 'பெற்றோலில் ஓடினால் கார் எரிந்தாலும் காசு, சாரதி செத்தாலும் காசு. மண்ணெண்ணெய் என்றால் ஒரு சதமும் இல்லை!' இதுதான் நிபந்தனை. காப்புறுதி இருந்தால்தான் வெள்ளைக்காரரின் உதவி நிறுவனம் காரை மாத வாடகைக்கு எடுக்கும். அதனால் அம்புறோஸ் தலையாட்டிக் கையெழுத்து வைத்திருந்தார்.

பரமலிங்கம் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார். எதிரே அம்புறோசின் மனைவி மாக்கிறேற். கறுப்புச் சேலை. அழுது முடித்த முகம்.

"அம்மா, நேராய்க் கேக்கிறன். காரின்ர தாங்கிக்குள்ள இருந்தது பெற்றோலோ, மண்ணெண்ணையோ?"

பெற்றோல் என்பாள். அழுதுகொண்டு என்பாள். மாதா மேல் சத்தியம் என்பாள். மடக்குவதற்கு அவரிடம் கேள்விகள் தயாராக இருந்தன.

"மண்ணெண்ணை," என்றாள் மாக்கிறேற்.

"என்ன?!"

"மண்ணெண்ணை எண்டு சொன்னனான்."

பரமலிங்கத்தின் கறுப்புக் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது.

"விளங்கித்தான் சொல்லுறியளோ? அப்பிடியெண்டால் கொம்பனி உங்களுக்கு ஒண்டும் தராது!"

"வேண்டாம் ஐயா. மண்ணெண்ணை எண்டே எழுதிக்கொண்டு போங்கோ."

குசினிக்குள்ளிருந்து ஓர் இளம் குரல் சீறியது.

"நல்லா எழுதுங்கோ! கடைசி மட்டும் அந்தாள் மண்ணெண்ணையை விடேல்லை! பிடிவாதம்! தானும் செத்து, எங்களையும் நடுறோட்டில விட்டிட்டுப் போட்டார்!"

"என்ர மகள், நிலக்சனா," என்றாள் மாக்கிறேற். "அவளைக் குறை நினையாதேங்கோ..."

பரமலிங்கம் எழுந்தார். மண்டைக்குள் மணி அடித்தது.

காசு கிடைக்கப் பொய் சொன்னவர்களைத் தன் வாழ்நாளில் வண்டி வண்டியாகப் பார்த்திருக்கிறார். இவளோ, காசு கிடைக்காமல் இருக்கப் பொய் சொல்கிறாள்!

பொய்தான். சந்தேகமே இல்லை. மண்ணெண்ணெய் மெல்லப் பற்றும், புகையும், எரியும். 'படார்' என்று வெடித்துத் தெருவையே குப்புறப் படுக்க வைக்காது!

அப்படியென்றால்...

கொலை!

*

சந்தியில் அருளப்புவின் கடை. வாசலில், மர வாங்கின் மேல், பழைய சோடாப் போத்தல்களில் பெற்றோல் வரிசையாக நின்றது.

"ஐயா, போத்தலில விக்கிறது சட்டப்படி பிழையெண்டால் இப்பவே உள்ளுக்கு எடுத்து வைக்கிறன்..." அருளப்பு நடுங்கினார்.

"சட்டத்தை விடும்! கொலை நடந்திருக்கு, தெரியுமோ உமக்கு?"

"கொலையோ?! ஆரை?"

"அம்புறோசை! தாங்கிக்குள்ள பெற்றோலை ஊத்தி வைச்சிட்டு, பூசைக்குப் போன புருசன் வரும் வரைக்கும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறா... அந்த மாக்கிறேற்!"

அருளப்பு வாயைப் பிளந்தார்.

"விசர்க் கதை கதையாதேங்கோ ஐயா! அதுகள் சண்டை பிடிச்சு ஒருத்தரும் கண்டதில்லை."

"அப்ப நெருப்பு எப்பிடி வந்தது? அம்புறோஸ் என்ன, பெற்றோலுக்குப் பக்கத்தில சுருட்டுப் பத்துற மடையனோ?"

"ஐயோ, பெற்றோல் எண்டால் அம்புறோஸ் அண்ணைக்குச் சரியான பயம். கிளப்புறதுக்கு அந்தச் சின்னப் போத்தலைத் தொடமுதல், சுருட்டை வேலிக்கு வெளியில வைச்சிட்டுத்தான் வருவார். ஆனால் தாங்கிக்குள்ள மண்ணெண்ணைதானே? கொட்டில் இருட்டு. தீக்குச்சியைக் கிழிச்சுப் பிடிச்சுக்கொண்டுதான் எவ்வளவு கிடக்கெண்டு எட்டிப் பார்ப்பார். பத்து வருசப் பழக்கம்! ஒரு நாளும் ஒண்டும் நடக்கேல்லை."

"பெற்றோல் மணம் தெரியாதோ?"

"மூக்கு எப்பவோ செத்துப்போச்சு. குழம்பில மீன் கிடக்கோ எண்டு அகப்பையால துழாவித்தான் சொல்லுவார்."

பரமலிங்கம் மேசையில் குத்தினார்.

"அதுதான்! அவரின்ர பழக்கம் தெரிஞ்ச ஆள்தான் பெற்றோலை ஊத்தியிருக்கு! சொல்லும்! உம்மட்டப் பெற்றோல் வாங்கினது ஆர்?"

அருளப்பு போத்தல்களின் பக்கம் திரும்பினார். ஒரு போத்தலின் மூடியைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"சொல்லும் ஐசே!"

"...நிலக்சனா."

"மகளோ?!"

"ஞாயிற்றுக்கிழமை வந்தவள். முதல் சம்பளம் எடுத்த பிள்ளை. 'மாமா, நாளைக்குக் காப்புறுதி தொடங்குது. அப்பா செலவைப் பார்த்து ஊத்தமாட்டார். அவர் பூசைக்குப் போகேக்கை மண்ணெண்ணையை வடிச்சிட்டு, நான் பெற்றோல் ஊத்தி வைக்கப்போறன். சொல்லிப்போடாதேங்கோ, வந்து பார்த்துத் திகைக்கட்டும்' எண்டு..."

அருளப்பு போத்தலை இறுக்கி மூடினார்.

"சிரிச்சுக்கொண்டு போனவள் ஐயா."



பரமலிங்கம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். இம்முறை நேவி சொல்லவில்லை.

*

மறுபடி அம்புறோஸ் வீடு.

அவருடைய முகத்தைக் கண்டதும் மாக்கிறேற்றுக்கு விளங்கிவிட்டது. போய்க் குசினிக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அருளப்பு சொல்லிப்போட்டானோ?"

"ஓம்."

"ஐயா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். அவளுக்குத் தெரியாது. நீ ஊத்தின பெற்றோலை அப்பா வடிச்சு எடுத்துப்போட்டு, திரும்பவும் மண்ணெண்ணைதான் ஊத்தினவர் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். அதுதான் தேப்பனைத் திட்டுறாள். திட்டட்டும். அவருக்கு இனி வலிக்காது. இவளுக்குத் தெரிஞ்சால்... இவள் இருக்கமாட்டாள் ஐயா!"

பரமலிங்கம் செருமினார்.

"அம்மா, நான் பெற்றோல் எண்டு எழுதினால் காருக்கும் காசு வரும், மனுசனுக்கும் காசு வரும். பிள்ளைக்குச் சொல்லாமல் நீங்கள்..."

"காசு வந்தால் கேப்பாள்தானே? ஏன் தந்தவங்கள் எண்டு?"

தலைமைப் புலனாய்வாளர் பேனையை எடுத்தார்.

"மண்ணெண்ணை எண்டே எழுதுறன்," என்றார்.

மாக்கிறேற் அழவில்லை. கைகூப்பினாள். அழுதிருந்தால் தாங்கியிருப்பார்.

*

ஒழுங்கை முடிவில் மோட்டார் சைக்கிளை உதைத்தார். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார்.

"ஐயா! நில்லுங்கோ!"

மூச்சு வாங்க ஓடி வந்தாள் நிலக்சனா.

"என்ன எழுதப்போறியள்?"

பொலிஸில் இருந்த காலத்துக் குரலை வரவழைத்துக்கொண்டார் பரமலிங்கம். "விசாரணை முடிஞ்சுது. தாங்கிக்குள்ள மண்ணெண்ணைதான். உம்மட கொப்பர்தான் பெற்றோலை வடிச்சிட்டு அதைத் திரும்ப ஊத்தினவர்."

அவள் கண்ணை மூடினாள். நீளமாக மூச்சு விட்டாள்.

"பெரிய உபகாரம் ஐயா."

உபகாரமா?!

பரமலிங்கம் காலை எடுத்துத் தரையில் ஊன்றினார்.

"பிள்ளை... உமக்கு..."

"தெரியும்."

"எப்பிடி?!"

"நான் வடிச்சு எடுத்த மண்ணெண்ணைக் கான் நிறைஞ்சபடி அப்பிடியே கிடந்தது. வீட்டில வேற மண்ணெண்ணை இல்லை. செத்தவீட்டு நாளண்டு அம்மா அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கிணத்தடிப் பத்தைக்குள்ள ஒளிச்சவா. நான் கண்டனான்."

"அப்ப ஏன் கொப்பரைத் திட்டினீர்?"

"நான் திட்டினால்தானே அம்மா நம்புவா? நான் திட்டுற நாளில ரெண்டு வாய் சாப்பிடுறா ஐயா."

உதட்டைக் கையால் அழுத்திப் பிடித்தாள்.

"பிறகு அப்பாட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுவன். எனக்குத் தெரியும் எண்டு அம்மாவுக்குத் தெரியவேண்டாம்..."

ஒரு வார்த்தை போதும். 'ரெண்டு பேருக்கும் தெரியும்' என்று பரமலிங்கம் சொல்லிவிட்டால் காசும் வரும், நாடகமும் முடியும். ஆனால் அதற்குப் பிறகு தாயும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் எப்படிப் பார்ப்பார்கள்?

வாழ்க்கையில் முதல் தடவையாக, தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் பரமலிங்கம் வாயை மூடிக்கொண்டார்.

மோட்டார் சைக்கிள் கிளம்பியது. அவள் வேலியோரம் நின்று முகத்தைத் துடைத்தாள். கோபத்தைத் திரும்ப வரவழைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

*

"பிரமாதம் பரமலிங்கம்!"

மனேஜருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"கொம்பனி நட்டப்படாமல் முடிச்சிட்டீர்! கொழும்பில உம்மைப் பற்றித்தான் கதை! அது சரி, மண்ணெண்ணை எண்டு அந்த வீட்டுக்காரரைத் தங்கட வாயாலேயே எப்பிடி ஐசே சொல்ல வைச்சனீர்?"

பரமலிங்கம் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். அறைக்குள் வெயில் இல்லை. ஆனாலும் மாட்டினார்.

"என்ர கெட்டித்தனம் ஒண்டுமில்லை, சேர். அது கட்டின காசைத் திருப்பிக் கேக்காத, சரியான நேர்மையான குடும்பம். அப்பிடி இன்னும் நாலைஞ்சு குடும்பத்தைப் பிடிச்சீங்களெண்டால்... கொம்பனியை இழுத்து மூடிப்போட்டு, வாசலில ஒரு உண்டியல் வைச்சாலே காணும்!"