மணல் விலாங்குகள் ஒளியவில்லை

ஆள் நிழல் விழுந்ததும் மணலுக்குள் போய்விட வேண்டிய விலாங்குகள் அன்று போகவில்லை.

கடலடிக் குழாயில் கசிவு தேடும் அந்த முக்குளிப்பவனுக்கு அது பழகிய இடம்தான். குழாய் வளைகிற மூலையில் ஒரு மணல்வெளி. அதில் பென்சில் கனத்தில் நூற்றுக்கணக்கான விலாங்குகள் வாலை வளைக்குள் ஊன்றி, பாதி உடம்பை வெளியே நீட்டி, நட்டுவைத்த புல்லைப் போல ஆடிக்கொண்டிருக்கும். ஆணும் பெண்ணும் அடுத்தடுத்த வளையில் குடியிருக்கும். "குடித்தனம்னா அதுங்க குடித்தனம்தான்" என்று ஒருநாள் வீட்டில் சொன்னான். "வாடகைத் தொல்லையும் இல்ல" என்று மனைவி சிரித்தாள்.

போன மழைக்காலத்தில் பயணிகள் படகு கவிழ்ந்து அவளும் மகளும் போனார்கள். உடல்கள் கிடைக்கவில்லை. இந்த வேலையே வேண்டாம் என்று எல்லோரும் தலைப்பாடாக அடித்துக்கொண்டார்கள். அவன் கேட்கவில்லை. தண்ணீருக்குள் இருந்தால் அவர்களுக்குக் கிட்டத்தில் இருப்பதுபோல் இருந்தது.

"மாமா, கசிவு தெரியுதா?" தலைக்கவசத்துக்குள் மைத்துனனின் குரல். மனைவியின் தம்பி. மேலே படகில் காற்றுக்குழாயைக் கையில் பிடித்து நிற்பவன்.

"இன்னும் இல்ல. இதுங்க ஏனோ ஒளிய மாட்டேங்குது."

"எதுங்க?"

எப்போதும் நீரோட்டத்தைப் பார்த்து நிற்கிற தலைகள் எல்லாம் மெல்ல மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தன. ரப்பர் வாடை கலந்த காற்று, காதோரம் கொப்பளித்து ஏறும் தன் மூச்சு, குழாய்க்குள் ஓயாமல் ஓடும் தண்ணீரின் முனகல், இவை எல்லாவற்றுக்கும் அடியில், சளி பிடித்த குழந்தை தூக்கத்தில் விடுவதுபோல் இன்னொரு மூச்சு கேட்டது.

"மாப்ள, லைன்ல வேற யாராச்சும் இருக்காங்களா?"

"எனக்கும் கேக்குது மாமா. உங்ககிட்டேர்ந்துதான் வருது."

மண்டியிட்டான். மணல் கலங்கியது. நூற்றுக்கணக்கான தலைகளும் ஒரே நொடியில் உள்ளே போயின.

ஐந்து மட்டும் போகவில்லை.

ஆடிக்கொண்டு நின்றன. கண் இல்லை. வாய் இல்லை.

நகம் இருந்தது.

மேலே போய்விட வேண்டும் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. கைதான் அதற்குள் நீண்டுவிட்டது. சின்ன விரல்கள் அவன் சுட்டுவிரலைச் சுற்றிக்கொண்டன. குளிர்ந்த பிடி. தெருவைக் கடக்கும்போது மகள் பிடிப்பாளே, அந்தப் பிடி.

"வாண்டு," என்றான். "அப்பாதான்டா."

கவசத்துக்குள் கேட்ட அந்த இன்னொரு மூச்சு நின்றது.

"மாமா." மைத்துனன் குரல் உடைந்திருந்தது. "அக்கா இருக்காளா? பாருங்க மாமா. அக்காவும் இருக்காளா?"

அடுத்த வளையின் விளிம்பு சரிந்தது. மணலை விலக்கிக்கொண்டு இன்னொரு கை எழுந்தது. வளர்ந்தவள் கை. அவன் தோளைத் தொட்டது. தடவியது. காற்றுக்குழாயைக் கண்டுபிடித்தது.

இழுக்க ஆரம்பித்தது.

மேலே மைத்துனன் குழாயை இறுக்கிப் பிடிக்கவில்லை. அழுதுகொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தான்.