பெருந்தமனிக்குப் பின்னால்

பெருந்தமனிக்குப் பின்னால் ஒன்றும் இருக்கக் கூடாது. இருந்தது.

போன வாரம் அறிக்கை அனுப்பி முடித்த ஸ்கேனை டாக்டர் ஸ்தனிஸ்லாஸ் மறுபடி திறந்ததே, மாநாட்டில் ‘பிழையறியாப் பார்வை’ என்று தான் பேசவிருந்த உரைக்கு ஒரு படம் எடுக்கத்தான். இடது சிறுநீரகத்தின் சிரை வழக்கம்போலத் தமனிக்கு முன்னால் போனது. பின்னாலும் ஒன்று போனது, தடியாக, பதுங்கியபடி. தெரியாமல் கத்தி பட்டால் ரத்தம் நிற்காது.

அறிக்கையில் ‘சிரைகள் இயல்பு’ என்றிருந்தது. அது அவர் எழுதியதல்ல. எல்லா அறிக்கையிலும் தானாக வந்து உட்காரும் வரி. அதை அவர் அழித்ததேயில்லை. அழித்தால் படத்தைப் பார்க்க வேண்டிவரும்.

மதியத்திலேயே ஏற்காட்டை மூடிவிட்ட மூடுபனி ஜன்னலில் வழிய, சில்வர் ஓக் மரங்கள் தகரக் கூரைமேல் ஓயாமல் சொட்டிக்கொண்டிருந்தன. கீழே, சேலத்து ஆஸ்பத்திரியில், மகன் மாதேஷுக்கு அந்த இடது சிறுநீரகத்தைக் கொடுக்க வெள்ளக்கடை ஊர்க் கண்ணாயி அறுவை மேஜையில் படுத்திருந்தாள்.

ஃபோன் அடித்தது. ஸ்கேன் அறை ஹேமலதா.

“ஏனுங்க டாக்டர், சர்ஜன் கேக்கறாருங்க. தமனிக்குப் பின்னாடி ஒண்ணுமில்லீங்களே? வெட்டலாங்களா?”

“என் ரிப்போர்ட்டுக்குத் திருத்தம்னு ஒண்ணு இதுவரைக்கும் போனதுண்டாம்மா?”

“இல்லீங்க. அதனாலதான் உங்களையே நொம்ப நம்பறாருங்க.”

அவர் திரையைப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த தங்கப் பதக்கத்தைப் பார்த்தார்.

“வெட்டச் சொல்லு.”

ஃபோனை வைத்தார். சொட்டுச் சத்தம் நின்றிருந்தது. கூரையில்தான். அறைக்குள் கேட்டது.

திரையில் இருந்தது அசையாத படம். ஆனாலும் அந்தச் சிரையின் ஓரம் மெல்லப் பிளந்தது. ஸ்கேனில் ரத்தமாகத் தெரியும் வெண்மை உள்ளிருந்து பீறிட்டுக் குடலைச் சுற்றியது, ஈரலை மூடியது. மவுஸை உருட்டினார். படத்தின் அடுத்த வெட்டிலும் வெண்மை. அதற்கடுத்ததிலும். சூடான இரும்பின் வாடை. விசைப்பலகையின் விசைகளுக்கிடையில் ஏதோ கொழகொழத்தது. வெள்ளையல்ல. சிவப்பு.

கணினியை அணைத்தார். படம் அணையவில்லை.

ஃபோன், தானாகவே, பேசியது.

“டாக்டர், ரத்தம் நிக்கலீங்க. உள்ளே ஒரு கை இருக்குதுங்களாம். சர்ஜனோடது இல்லீங்களாம்.”

திரையில், குடல்களுக்கு நடுவே, ஐந்து விரல்கள். ஒன்றில் மோதிரம், கண்கூச மின்னியது. அவருடைய கல் மோதிரம்.

வலது கையைத் தேடினார். மேஜைமேல் சட்டைக் கை கிடந்தது. தட்டையாக. வெறுமையாக.

ஆனால் விரல்கள் உணர்ந்தன. சூடு. வழுக்கல். சுற்றிலும் ஒரு துடிப்பு. தளர்ந்தது. நின்றது.

பிறகு அந்த வயிறு விரல்களை இறுக்கிப் பிடித்தது.

இழுத்தார். வரவில்லை.

“கை வழியில நிக்குதுங்களாம்,” என்றாள் ஹேமலதா, அதே பணிவோடு. “வெட்டலாங்களா?”

வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

“அப்போ நார்மல்னு எடுத்துக்கறேனுங்க.”

திரையின் ஓரத்திலிருந்து ஒரு வெள்ளைக் கோடு, மெல்லிசாய், கூராய், மணிக்கட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது.