ஆணியில் இல்லாத அளவு நோட்டு

காலை 9.05. வெட்டுமேசைக்குப் பின்னால் இருந்த ஆணி வெறுமையாக நின்றது. இருநூறு நர்ஸுகளின் சட்டை அளவுகள் எழுதிய நோட்டைக் காணவில்லை.

"வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தாகணும்!" தையற்கூட முதலாளி கத்தினார். "புதுசா வந்த எட்டுப் பேர்ல ஒருத்தர் வேலைதான் இது. பத்து மணிக்குள்ள நோட்டு வரலேன்னா எட்டுப் பேரும் கிளம்புங்க."

சட்டைகளுக்குப் பொத்தான் துளை போட்டு காஜா எடுக்கும் அக்கா ஊசியைக் கீழே வைத்தாள். அந்த எட்டுப் பேரில் ஒருத்தி அவளுடைய தங்கை. வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகிறது.

தைப்பவர்கள் நாலு பேராக இருந்தபோது ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சட்டை முடிந்தது. வேலை பின்தங்குகிறதென்று எட்டுப் பேரைச் சேர்த்த பிறகு ஒன்பதுதான். புதியவர்கள் சோம்பேறிகள் அல்ல. கைக்கும் கழுத்துக்கும் "மாஸ்டர், இது எப்படி?" என்று வெட்டுமாஸ்டரைச் சூழ்ந்து நிற்பார்கள். அவருடைய கத்தரி சும்மா கிடக்கும்.

9.20. அவள் மாஸ்டரிடம் போனாள். பதினான்கு வருடமாக அவர் அவளுக்கு அண்ணன். கூடப் பிறக்காதது ஒன்றுதான் குறை. மேசையில் அன்று காலை வெட்டிய துணிகள், சாக்பீஸ் எண்களோடு: 141 முதல் 147 வரை.

"நோட்டைக் கடைசியா எப்போண்ணே பாத்தீங்க?"

"நேத்து சாயந்திரம். ஆணியில மாட்டிட்டுத்தான் போனேன். காலையில எட்டு மணிக்கு வந்தப்பவே இல்லை."

"அப்பவே ஏன் சொல்லலை?"

"யாரோ எடுத்துப் பாக்கறாங்கன்னு இருந்துட்டேன்."

"யார் மேல சந்தேகம்?"

அவர் கத்தரியைத் துடைத்தார். "சொல்ல மனசு வரலைம்மா. நேத்து கடைசியா இங்கே நின்னது உன் தங்கச்சிதான்."

அவள் அந்தத் துணிகளின் எண்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு சுவர்ப்பலகையைப் பார்த்தாள். நேற்று மாலை மாஸ்டரே எழுதியது: 'வெட்டியது 140 வரை.'

9.50. டேப்பை எடுத்து 147ஐ அளந்தாள். முதலாளியைக் கூப்பிட்டாள்.

"இந்த நர்ஸுக்கு இடது தோள் அரை அங்குலம் இறக்கம். ஆஸ்பத்திரிக்குப் போய் அளவெடுத்து எழுதினவ நான், அதனால எனக்கு ஞாபகம் இருக்கு. இன்னைக்கு வெட்டின இந்தத் துணியிலயும் அந்த அரை அங்குலம் இருக்கு." மாஸ்டர் பக்கம் திரும்பினாள். "எட்டு மணிக்கே நோட்டு இல்லைன்னீங்க. எதைப் பாத்து வெட்டினீங்கண்ணே?"

தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. மாஸ்டர் மேசையோரம் கிடந்த துணிச்சுருளைத் தூக்கினார். அடியில் நோட்டு.

"எட்டுப் பேரும் சேர்ந்து என் கையைக் கட்டிப்போட்டாங்கம்மா. ஆள் வேண்டாம்னு முதலாளிகிட்ட தலையால அடிச்சுக்கிட்டேன். கேக்கலை. இவங்க போனாத்தான் வேலை முடியும்."

"உங்க கையைக் கட்டினது அவங்கதான். என் தங்கச்சி பேரைச் சொன்னது யாரு?"

மாஸ்டர் டேப்பைக் கழுத்திலிருந்து கழற்றி வைத்துவிட்டு வெளியே போனார். முதலாளி அதற்குள் போனை எடுத்துவிட்டார். "ஒரு ஆள் குறையுது. நாளைக்கு நாலு பேரை அனுப்புங்க."

10.15. தங்கை 147ஐ எடுத்துக்கொண்டு வந்தாள். "அக்கா, இந்தத் தோளை எப்படிச் சேக்கறது?"

"அண்ணனைக் கேளு" என்றாள் அக்கா, தலை நிமிராமல்.

சொன்ன பிறகுதான் அவள் கை நின்றது.